கதை எழுதுகிறவர் மெய்ப்புப் பார்க்கவும் கற்க வேண்டுமா?

பொருநைக்கரையான் (கேள்வி):
அனைவருக்கும் வணக்கம். என்னுடைய முதல் சிறுகதைத் தொகுப்பை வெளியிடச் சிறு பதிப்பகம் ஒன்று இசைந்திருக்கிறது. கதைகள் பெரும்பாலும் திருநெல்வேலி வட்டார வழக்கில் அமைந்தவை. பிழை திருத்துவதற்குத் தனியாக ஆள் இருப்பதாகப் பதிப்பாளர் சொல்கிறார். நான் மதிக்கும் மூத்த எழுத்தாளர் ஒருவரோ, சந்தி விதிகள் முதல் மெய்ப்பில் (அச்சாகும் முன் பிழை பார்க்கத் தரும் படியில்) இடும் திருத்தக் குறியீடுகள் வரை நானே கற்றுக்கொள்ள வேண்டும் என்று வற்புறுத்துகிறார். வேலைக்குப் போய் வந்தபின் கதை எழுதவே நேரம் போதாத நிலையில், இன்னொருவர் செய்யக்கூடிய பணிக்காக நான் இலக்கண நூலோடு உட்காரத்தான் வேண்டுமா?

ஒற்றெழுத்து:
பிழை திருத்துவதே என் தொழில். ஆகவே எங்களால் எது முடியாது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ‘முயற்ச்சி’ என்று எழுதியிருந்தால் நாங்கள் பிடித்துவிடுவோம். வாணி போன்ற சொற்பிழை திருத்தியும் பிடித்துவிடும். ‘அறை’ இருக்க வேண்டிய இடத்தில் ‘அரை’ வந்தால் மென்பொருள் நகர்ந்துவிடும், நாங்கள் நிற்போம். (புள்ளி ஒன்று விட்டுப்போனால் கல்வி என்னவாகும் என்பதை நான் எழுதிக் காட்ட வேண்டியதில்லை.) ஆனால் ‘மகனிடம் வேலை கொடுத்தான்’ என்று ஒரு வாக்கியம் இருந்தால், கொடுத்தது பணியா, ‘வேலைக் கொடுத்தான்’ என்று ஒற்றோடு எழுத வேண்டிய ஆயுதமா என்பதைக் கதை தெளிவாகச் சொல்லாதவரை நாங்கள் ஊகிக்கத்தான் முடியும்.

வட்டார வழக்கில் சிக்கல் இன்னும் பெரிது. உங்கள் பாத்திரம் ஒரு பக்கத்தில் ‘சொல்லுதேன்’ என்றும் அடுத்த பக்கத்தில் ‘சொல்றேன்’ என்றும் பேசினால், அது நகரத்துக்குப் போய்வந்தவரின் பேச்சா, உங்கள் கைத்தவறா என்று நெல்லைப் பேச்சு அறியாத திருத்துநருக்குத் தெரியாது. அவர் தமக்குப் பழகியதையே இரண்டு இடத்திலும் வைத்துவிடுவார். ‘அவிய’ என்பதை ‘அவிங்க’ ஆக்கிவிட்டு, நல்லது செய்ததாகவும் நினைத்துக்கொள்வார். மெய்ப்பைப் படித்து இதைக் கண்டுபிடிக்கக்கூடிய ஒரே ஆள் நீங்கள்தான்.

நேரமில்லை என்பதற்கு ஒரு சொல்: கும்பகோணம் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் மெய்ப்பையும் தாமே பார்த்தவர்.

மறுவாசகன்:
அந்த எடுத்துக்காட்டு இங்கே முழுவதும் பொருந்தவில்லை, ஐயா. அவர் திருத்தியது பிறர் இயற்றிய காப்பியத்தை. கேள்வி கேட்டவர் திருத்தப் போவது தம் சொந்த உரைநடையை. தான் எழுதியதைப் படிக்கும்போது தாளில் இருப்பதைக் காட்டிலும் மனத்தில் இருந்ததையே கண் படிக்கிறது. விடுபட்ட சொல்லை மூளை தானாகவே இட்டு நிரப்பிக்கொள்கிறது. எனவே திருத்துநர் வேண்டாம் என்ற முடிவுக்கு மட்டும் வந்துவிடாதீர்கள்.

கற்பதற்கு நான் எதிரியல்லன். கடைசிச் சொல்லிலிருந்து பின்னோக்கிப் படித்தால் பிழை தெரியும் என்று ஆங்கிலத்தில் எழுதுவோருக்குச் சொல்லப்படும் உத்தியை இங்கே பலர் அப்படியே பரிந்துரைக்கிறார்கள். எழுத்துப் பிழைக்கு அது ஓரளவு உதவும்; ஒற்று மிகுவதும் மிகாததும் அடுத்து வரும் சொல்லைப் பொறுத்தது என்பதால் சந்திப் பிழைக்கு உதவவே உதவாது. சில வாரங்கள் ஆறப்போட்டு, எழுத்துருவை மாற்றி, தாளில் அச்செடுத்து, வாய்விட்டுப் படிப்பதே மேல். விதிகளிலும் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. இரண்டாம், நான்காம் வேற்றுமை உருபுகள் வெளிப்படையாக வரும்போது வல்லினம் மிகும். அந்த, இந்த, எந்த என்பவற்றின் பின் மிகும். ‘வந்த குதிரை’ போன்ற பெயரெச்சத்தில் மிகாது, ‘ஓடாத’ என்பதன் ஈறு கெட்டு வரும் ‘ஓடாக் குதிரை’யில் மிகும். உரைநடையில் அடிக்கடி வருபவை இவை. ஐயம் வருமிடத்தில் நாவி சந்திப்பிழை திருத்தியில் இட்டுப் பார்க்கலாம்.

பக்கவடிவன்:
நூல்களுக்குப் பக்க வடிவமைப்புச் செய்பவன் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்கிறேன். பழைய எழுத்துருவில் தட்டச்சிட்டு யூனிகோடுக்கு மாற்றிய கோப்பானால், ‘ா’ என்னும் காலும் ‘ர’வும் இடம் மாறியிருக்கின்றனவா என்று பாருங்கள். ‘ஔவை’ என்பதை ‘ஒ’, ‘ள’ என இரண்டு எழுத்தாக அடித்தவர்கள் ஏராளம். திரையில் வேறுபாடு தெரியாது, தேடும்போது மட்டும் சொல் அகப்படாது. தலைப்பு, பொருளடக்கப் பக்க எண், பின்னட்டைக் குறிப்பு ஆகியவற்றைத் தனியாக ஒருமுறை படியுங்கள். எழுத்து பெரிதாக இருக்கும் இடம் என்று நம்பி எல்லாரும் தாண்டிப் போவது அங்கேதான்.

பொருநைக்கரையான்:
மூவருக்கும் நன்றி. என் வழக்குச் சொற்களையும், ‘நாட்கள்’ அல்லது ‘நாள்கள்’ போன்றவற்றில் நான் பின்பற்றும் வடிவத்தையும் ஒரு பட்டியலாக்கித் திருத்துநரிடம் கொடுக்கலாம் என்று எண்ணுகிறேன். பக்கங்கள் பிடிஎஃப் ஆக வந்தபின் கொடுத்தால் போதுமா?

பக்கவடிவன்:
போதாது. வேர்டு கோப்போடு சேர்த்தே அனுப்பிவிடுங்கள். பக்கம் அமைந்தபின் ஒரு பத்தியில் இரண்டு வரி கூடினாலும் அந்தக் கதையின் எஞ்சிய பக்கங்கள் நகரும். ஆஃப்செட் அச்சுக்குத் தகடு எடுத்துவிட்டாலோ ஒவ்வொரு மாற்றத்துக்கும் செலவு உண்டு, அதை ஏற்கப் பதிப்பாளர் தயங்குவார். பிடிஎஃப் கட்டத்தில் எஞ்சியிருக்கும் ஒற்றையும் புள்ளியையும் மட்டும் குறித்து அனுப்புங்கள்.