இல்லாத நோயைச் சொல்பவர்கள்: உங்களுக்கு நேர்ந்ததுண்டா?

அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய்க்கு கீமோ ஓடிக்கொண்டிருந்த சமயம் ஒரு வாட்ஸ்அப் குழுவில் இருந்தேன். அதில் ஒரு அக்கா, தனக்கு ரத்தப் புற்றுநோய் என்று சொல்லியிருந்தார். நடுராத்திரியில் யார் அழுதாலும் உடனே பதில் போடுவார், வாய்ப்புண் வந்தால் என்ன சாப்பிடலாம் என்று எங்களுக்கே சொல்லிக்கொடுப்பார். ஆனால் வேறு யாருக்காவது நோய் பரவிவிட்டதாக ஸ்கேனில் வந்து எல்லாரும் அவருக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தால், அன்று மாலையே இந்த அக்கா ஐசியூவில் இருப்பார்.

அப்புறம் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை முடிந்தது என்றார், கொஞ்ச நாளிலேயே கோயில் திருவிழாக் கூட்டத்தில் நின்று படம் போட்டார். அந்த சிகிச்சைக்குப் பிறகு மாதக்கணக்கில் கூட்டத்துப் பக்கமே விடமாட்டார்கள். தன் மகனுக்கு அதே சிகிச்சை செய்த ஒரு அண்ணன் இதைத் தன்மையாகத்தான் கேட்டார். உடனே அந்த அக்கா பதிவுகளை அழித்துவிட்டு குழுவைவிட்டே போய்விட்டார்.

ஒரு ரூபாய்கூட யாரிடமும் கேட்டதில்லை. அதுதான் ரொம்ப நாள் எனக்குப் புரியவில்லை. லீவுக்கோ இன்சூரன்ஸுக்கோ நடிப்பது வேறு, நோயாளியாக இருப்பதற்காகவே நடிப்பது வேறு என்று பிறகுதான் படித்தேன். ரிச்சர்ட் ஆஷர் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1951-இல் இதற்கு மன்ச்சௌசன் என்று பெயர் வைத்தார். இணையத்தில் நடப்பதை மார்க் ஃபெல்ட்மன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 2000-இல் எழுதியிருக்கிறார், கவனம் இன்னொருவர் பக்கம் திரும்பும்போது இவர்களுக்கு நெருக்கடி வரும் என்பது அவர் சொல்லும் அடையாளங்களில் ஒன்று.

அந்த அக்கா மேல் எனக்குக் கோபம் குறைந்துவிட்டது. ஆறாதது வேறு. அதற்குப் பிறகு குழுவில் சேர்ந்த ஒரு சின்னப் பெண்ணிடம் பயாப்ஸி ரிப்போர்ட்டைக் காட்டச் சொன்னார்கள், அவள் ஒன்றும் பேசாமல் விலகிவிட்டாள்.

*

நான் செவிலியர், மருத்துவ வார்டில் பார்த்ததைச் சொல்கிறேன். சர்க்கரை நோயே இல்லாத ஒரு பெண்மணி, சர்க்கரை அடிக்கடி பாதாளத்துக்கு இறங்கி மயக்கத்தில் வருவார். கணையக் கட்டியோ என்று ஸ்கேன் எல்லாம் எடுத்தாயிற்று. கடைசியில் மயக்கத்தில் இருந்தபோதே எடுத்த ரத்தத்தில் இன்சுலின் அதிகம், உடம்பு இன்சுலின் சுரக்கும்போது கூடவே வரும் சி-பெப்டைட் என்ற பொருள் மிகக் குறைவு. உடம்பு தானாகச் சுரந்தால் இரண்டும் சேர்ந்தே ஏறும், ஊசியில் போடும் இன்சுலினில் சி-பெப்டைட் கிடையாது. அவரேதான் போட்டுக்கொண்டிருக்கிறார்!

வார்டில் எல்லாருக்கும் எரிச்சல். எனக்குப் பயமாக இருந்தது, ஏனென்றால் அப்படி இறங்கினால் வலிப்பு வரும், உயிரே போகும். நோய்தான் பொய், ஆபத்து பொய் இல்லை. பெரிய டாக்டர் அவரைக் குற்றவாளியாக நிறுத்தவில்லை. "வீட்ல ரொம்பக் கஷ்டமாம்மா? மனநல டாக்டரையும் ஒரு தடவை பார்க்கலாமா?" என்று மட்டும் கேட்டார். அந்த அம்மா பதிலே சொல்லாமல், "இன்னைக்கே டிஸ்சார்ஜ் பண்ணிடுவீங்களா?" என்றார்.

மூளைப் புற்றுநோய் என்று பொய் சொல்லி செயலியும் புத்தகமும் விற்ற ஆஸ்திரேலியாவின் பெல் கிப்சனுக்கு 2017-இல் நீதிமன்றம் 4,10,000 டாலர் அபராதம் போட்டது. அந்த மாதிரி செய்திகளைப் படித்துப் படித்து எல்லாமே காசுக்காகத்தான் என்று நினைத்துவிடுகிறோம்.

சகோதரி, அந்தச் சின்னப் பெண்ணின் நம்பர் இன்னும் இருந்தால் ஒரு தடவை கூப்பிட்டுப் பேசுங்களேன்.