ஆளில்லாத ஊரைத் திரும்பக் குடியேற்றியது: மைன்கிராஃப்ட் அனுபவங்கள்

மைன்கிராஃப்ட் விளையாட்டின் சர்வைவல் முறையில் (உயிர் பிழைத்து ஆடும் முறை) ஊரை வளர்த்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள். என்னுடையதை முதலில் போடுகிறேன்.

என் உலகத்தில் பக்கத்தில் கிடைத்த ஒரே ஊர், கைவிடப்பட்ட ஊர். ஒரு வீட்டுக்கும் கதவு இல்லை, பேருக்குக்கூட ஒரு டார்ச் இல்லை, கல்லெல்லாம் பாசி, மூலைக்கு மூலை ஒட்டடை. இருந்த அத்தனை பேரும் ஜாம்பி வில்லேஜர்கள், அதாவது ஜாம்பியாக மாறிப்போன ஊர்க்காரர்கள். இப்படிப்பட்ட ஊர் அபூர்வமாகத்தான் அமையும். பலர் பெட்டியில் இருப்பதை அள்ளிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். எனக்கு விட மனசு வரவில்லை.

அவர்களைக் குணமாக்க வீக்னஸ் ஸ்பிளாஷ் போஷனும் (பலவீனமாக்கும், எறியக்கூடிய மருந்து) தங்க ஆப்பிளும் வேண்டும். ஒரு ஆப்பிளைச் சுற்றி 8 தங்கக்கட்டி வைத்தால் தங்க ஆப்பிள் தயார். போஷனுக்குச் சிலந்திக் கண், சர்க்கரை, பழுப்புக் காளான் மூன்றையும் சேர்த்துப் புளித்த கண்ணாக்கி, அதைத் தண்ணீர் பாட்டிலில் காய்ச்சி, கடைசியில் வெடிமருந்து போட வேண்டும். காய்ச்சும் ஸ்டாண்டுக்கு பிளேஸ் என்ற நெருப்பு அரக்கனின் தடி (பிளேஸ் ராடு) தேவை, அதற்காக நெதர் என்ற நரக உலகம் வரை போய் வந்தாக வேண்டும்.

அதைவிடப் பெரிய தலைவலி வெயில். விடிந்ததும் வெளியே நிற்கும் ஜாம்பி வில்லேஜர் எரிந்து சாம்பலாகிவிடுவார். அதனால் ராத்திரியே என்னைத் துரத்த விட்டு, ஒருவரை வீட்டுக்குள் இழுத்து, வாசலை மரக்கட்டையால் அடைத்தேன். மேலே ஒரு பிளாக், அதாவது ஒரு கனசதுர அளவு மட்டும் இடைவெளி. அது வழியாக போஷனை எறிந்து ஆப்பிளை நீட்டினால் ஆள் வெடவெடவென்று நடுங்க ஆரம்பிக்கிறார், சிவப்புச் சுழல் கிளம்புகிறது. குணமாக 3 முதல் 5 நிமிடம் ஆகும். அதுவரை அடிக்க வருவதை நிறுத்த மாட்டார். பிறகு பார்த்தால் கையைக் கட்டிக்கொண்டு, அந்த நீள மூக்கோடு, ஒன்றுமே நடக்காத மாதிரி "ம்ம்" என்கிறார்! நன்றி மட்டும் மறக்க மாட்டார்கள், காப்பாற்றியவருக்கு விலையைக் குறைத்துத்தான் விற்பார்கள்.

இரண்டு பேர் தேறிவிட்டால் மற்றது சுலபம். ஆளுக்கு 3 ரொட்டி அல்லது 12 கேரட், அப்புறம் பிறக்கப்போகும் குழந்தைக்கு ஒரு காலிக் கட்டில். கட்டிலுக்கு மேலே இரண்டு பிளாக் உயரம் வெற்றிடம் இருக்க வேண்டும். குழந்தை 20 நிமிடத்தில் பெரிய ஆளாகிவிடும். மாடி வீடு, பாலம், பூந்தோட்டம் எல்லாம் நம் கண்ணுக்குத்தான். விளையாட்டுக்கு ஊர் என்றால் கட்டிலும் அதைத் தனதாக்கிக்கொண்ட ஆளும்தான். வெட்டவெளியில் நாலு கட்டில் போட்டு ஆளை விட்டாலும் அது ஊர்தான்.

*

கட்டில் விஷயம் நூற்றுக்கு நூறு சரி. ஆனால் வெட்டவெளியில் போட்டால் ஒரு ராத்திரி தாங்காது. ஹார்டு என்ற கடின நிலையில் ஜாம்பி கொல்கிற ஒவ்வொரு வில்லேஜரும் ஜாம்பியாகிவிடுவார், நார்மல் நிலையில் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

2021இல் வந்த 1.18 பதிப்புக்குப் பிறகு விளக்கு வெளிச்சம் சுத்தமாக 0 ஆக இருக்கும் இடத்தில்தான் மேல்தரையில் ஜாம்பி முளைக்கும் என்பதால், முன்பு போல அடிக்கொரு டார்ச் நட வேண்டியதில்லை. அந்தத் தெம்பில் மதிலும் எழுப்பிவிட்டு நிம்மதியாக இருந்தேன். ஒரு நடுராத்திரி மதிலுக்கு உள்ளேயே ஒரு ஜாம்பிக் கூட்டம்! கணினியில் ஆடும் ஜாவா பதிப்பில் இப்படி முற்றுகை வரும். விளக்கு, மதில் எதையும் அது மதிக்காது. நேரத்தோடு படுத்துத் தூங்கினால் அந்த நள்ளிரவைத் தாண்டிவிடலாம். விழித்திருந்து வேலை செய்பவர்களுக்கு அயர்ன் கோலம் என்ற இரும்புக் காவலன்தான் துணை. 4 இரும்பு பிளாக், அதாவது 36 கட்டி. டி வடிவத்தில் அடுக்கி, செதுக்கிய பூசணியைக் கடைசியாகத் தலையில் வைக்க வேண்டும். சண்டையில் விரிசல் விட்டால் ஓர் இரும்புக்கட்டியை நீட்டுங்கள், சரியாகிவிடும். அத்தனை ஜாம்பியையும் தூக்கி வீசிய அதே கோலம், காலையில் ஒரு குழந்தைக்குச் சிவப்புப் பூவை நீட்டிக்கொண்டு நின்றது.

*

நான் வீடே கட்டவில்லை, லெக்டர்ன் என்ற புத்தக மேசை மட்டும்தான் வைத்தேன். வேலையில்லாத வில்லேஜர் பக்கத்தில் வைத்தால் லைப்ரரியன் ஆவார். மெண்டிங் (தேய்ந்த கருவியைச் சரிசெய்யும் மந்திரம்) புத்தகம் விற்கிறாரா என்று பார்ப்பேன். இல்லையென்றால் லெக்டர்னை உடைத்துத் திரும்ப வைப்பேன், சரக்கு மாறும். பொறுமை வேண்டும், கோடாலியும் வேண்டும். கிடைத்ததும் உடனே ஒரு வியாபாரம் முடித்துவிடுங்கள், அதன் பிறகு அவர் தொழில் மாறாது. வியாபாரத்துக்குக் காசாகும் எமரால்டு கல்லுக்கு ஃபிளெட்சர் (அம்பு செய்பவர்) இருக்கிறார், 32 குச்சிக்கு ஒன்று கொடுப்பார். விற்க விற்க அவர் இடுப்பில் இருக்கும் முத்திரை கல், இரும்பு, தங்கம், எமரால்டு, வைரம் என்று ஏறும். பச்சை அங்கி போட்ட வில்லேஜருக்கு என்ன வைத்தாலும் வேலை பார்க்க மாட்டார், அவரை வற்புறுத்தாதீர்கள்.

*

ரெய்டு, அதாவது கொள்ளையர் ஊரைத் தாக்குவது பற்றி யாரும் சொல்லவில்லையே? 2024இல் வந்த 1.21 முதல் கொள்ளைக் கூட்டத் தலைவனைக் கொன்றாலே ரெய்டு தொற்றிக்கொள்வதில்லை. அவன் போடும் பாட்டிலை நாமே குடித்துவிட்டு ஊருக்குள் போனால்தான் ஆரம்பிக்கும். வேண்டுமென்றே குடித்தேன். ஹார்டில் 7 அலை. அவர்களோடு வரும் ராவேஜர் என்ற பெரிய மிருகம் வயலில் இறங்கியதும் பயிரெல்லாம் போச்சு. ஜெயித்த பிறகு ஊரே பரிசை வீசுகிறது, விவசாயி என் காலடியில் ரொட்டியைப் போட்டார். சரி, பக்கத்து ஊரிலிருந்து ஒரு ஆளைக் கொண்டுவர நல்ல வழி என்ன ப்ரோ?

*

படகுதான். அவர் பக்கத்தில் வைத்தால் தானாகவே ஏறி உட்கார்ந்துவிடுவார். நீங்களும் ஏறித் துடுப்புப் போடுங்கள். தரையிலும் நகரும், ஆனால் ரொம்ப மெதுவாக. ஒரு பிளாக் மேடு வந்தாலும் ஏறாது, அதனால் ஆற்று வழி இருந்தால் சுற்றாக இருந்தாலும் அதையே பிடியுங்கள். இறக்க வேண்டிய இடம் வந்ததும் நீங்கள் இறங்கிப் படகை உடைத்துவிடுங்கள். அதற்கு முன்னால் கட்டிலைப் போட்டு வைத்துவிடுங்கள்.