இன்டிசைனில் கொம்பு இடம் மாறுகிறது, கறுப்பு எழுத்து நான்கு பிளேட்டிலும் விழுகிறது

கேள்வி (பக்கவடிவு):
208 பக்கக் கட்டுரைத் தொகுப்பு. மூலம் வேர்ட் கோப்பு. பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான இன்டிசைனுக்குள் கொண்டுவந்ததும் ‘பெயர்’ என்பது ‘பயெர்’ போலவும் ‘செலவு’ என்பது ‘சலெவு’ போலவும் தெரிகிறது. கு, டு போன்றவற்றில் உகரக் குறி ஒட்டாமல் தனியாக நிற்கிறது. ஒரு கட்டுரை முழுக்க ஆங்கில எழுத்துக் குவியல். போதாக்குறைக்கு, மாதிரிக்கு அனுப்பிய பிடிஎஃப்பில் கறுப்பு எழுத்து நான்கு நிறத்திலும் இருக்கிறது என்று அச்சகத்தில் திருப்பிவிட்டார்கள். எங்கிருந்து சரிசெய்வது?

பதில் (ஈயஎழுத்து):
முதலில் கொம்பு. ‘பெ’யில் கொம்பு கண்ணுக்கு முன்னால் தெரிந்தாலும் ஒருங்குறிக் (யூனிகோட்) கோப்பில் அது ப-வுக்குப் பின்னால்தான் இருக்கிறது. அதை முன்னே எடுத்து வைப்பதும், க-வோடு உகரக் குறியைச் சேர்த்துக் ‘கு’ ஆக்குவதும், எழுத்துகளை வரியில் அடுக்கும் கம்போசரின் வேலை. இன்டிசைன் இயல்பாக எடுத்துக்கொள்ளும் அடோபி பாராகிராஃப் கம்போசருக்கு அது தெரியாது. எழுத்துருவை மாற்றி மாற்றிப் பார்ப்பதில் பயனில்லை.

பாராகிராஃப் ஸ்டைலை (பத்தியின் வடிவ அமைப்பை) திறந்து, ஜஸ்டிஃபிகேஷன் பகுதியில் கம்போசர் என்ற இடத்தில் ‘அடோபி வேர்ல்ட்-ரெடி பாராகிராஃப் கம்போசர்’ என்று வையுங்கள். பேசிக் பாராகிராஃபை மட்டும் மாற்றிவிட்டு நிறுத்திவிடாதீர்கள். வேர்டிலிருந்து வரும் ‘நார்மல்’ ஸ்டைல் பெரும்பாலும் அதைச் சார்ந்திருக்காது. தனியாக மாற்ற வேண்டும். அடிக்குறிப்பு, அட்டவணை, பொருளடக்கம் ஆகியவற்றின் ஸ்டைல்களும் அப்படித்தான்.

மாற்றிய பிறகும் சில பத்திகள் அடம்பிடித்தால், ஸ்டைல் பெயருக்குப் பக்கத்தில் கூட்டல் குறி இருக்கிறதா பாருங்கள். ஸ்டைலில் இல்லாத மாற்றம் அந்தப் பத்தியில் நேரடியாகச் செய்யப்பட்டிருப்பதன் அடையாளம் அது. கன்ட்ரோலும் ஷிஃப்ட்டும் சேர்த்துப் பிடித்து ‘கிளியர் ஓவர்ரைட்ஸ்’ பொத்தானை அழுத்தினால் பத்தி அளவிலானது மட்டும் நீங்கும். வெறுமனே அழுத்தினால் ஆசிரியர் போட்ட தடித்த எழுத்து, சாய்வெழுத்து எல்லாம் போய்விடும். அதைத் திரும்பப் போடுவது பெரும்பாடு.

அடுத்த புத்தகத்துக்கு: எந்தக் கோப்பும் திறக்காத நிலையில் இந்தக் கம்போசரைத் தேர்ந்தெடுத்து வைத்தால் புதுக் கோப்புகளுக்கெல்லாம் அதுவே இயல்பாகும்.

பதில் (பழையவிசை):
குவியலாகத் தெரியும் கட்டுரையில் ‘தமிழ்’ வரவேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று இருக்கிறதா? இருந்தால் அது ஒருங்குறி அல்லாத பழைய எழுத்துருவான பாமினியில் அடித்தது, கம்போசரால் சரியாகாது. வேர்டிலேயே ஒருங்குறிக்கு மாற்றிவிட்டுத்தான் இன்டிசைனுக்குக் கொண்டுவர வேண்டும். அதற்கு என்எச்எம் கன்வர்ட்டர் என்ற மென்பொருள் போதும்.

இரண்டு இடத்தில் கவனம் தேவை. கட்டுரைக்குள் உண்மையான ஆங்கிலச் சொற்கள் இருந்தால் கன்வர்ட்டர் அவற்றையும் பொருளில்லாத தமிழாக்கிவிடும். வேர்டின் தேடலில் எழுத்துரு பாமினி என்று கொடுத்து, அந்தப் பகுதிகளை மட்டும் மாற்றுங்கள். இன்னொன்று, வாக்கியத்தின் முதலெழுத்தை வேர்ட் தானாகப் பெரிய எழுத்தாக்கும் வசதி. பாமினியில் சிறிய ஜே ‘த’, பெரிய ஜே ‘து’. ‘தமிழ்’ என்று தொடங்க வேண்டிய பத்தி ‘துமிழ்’ என்று தொடங்கும். மாற்றிய பின் ஒவ்வொரு வாக்கியத்தின் முதலெழுத்தையும் மெய்ப்புப் பார்ப்பவரிடம் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள்.

பதில் (நான்குமை):
அச்சகம் திருப்பியது சரியே. வேர்டில் வரும் கறுப்பு, திரைக்கான ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம்) முறைக் கறுப்பு. அச்சுக்கான நான்கு மை முறையான சிஎம்ஒய்கே ஆகும்போது அது நான்கு மைகளாகப் பிரிந்து, மைக்கு ஒன்றாக உள்ள நான்கு அச்சுத் தகடுகளிலும் (பிளேட்) விழும். பிளேட் மயிரிழை நகர்ந்தாலும் புள்ளியைச் சுற்றியும் மெல்லிய கோடுகளிலும் நிற விளிம்பு தெரியும். 11 பாயின்ட் எழுத்தில் படிக்கவே கண் வலிக்கும்.

ஸ்வாட்ச் பேனலில் ‘வேர்ட்’ என்று தொடங்கி ஆர், ஜி, பி மூன்றுக்கும் சுழியம் காட்டும் ஒரு நிறம் சேர்ந்திருக்கும். அதை நீக்குங்கள். பதிலுக்கு எது என்று கேட்கும்போது அடைப்புக்குறிக்குள் இருக்கும் ‘பிளாக்’கைக் கொடுங்கள். பிறகு விண்டோ, அவுட்புட் வழியாகச் செப்பரேஷன்ஸ் பிரிவ்யூவைத் திறந்து, பிளாக் பிளேட்டின் கண்ணை மட்டும் அணையுங்கள். பக்கத்தில் எழுத்து எதுவும் மிஞ்சக் கூடாது. மிஞ்சினால் அந்த இடம் இன்னும் மாறவில்லை.

கேள்வி கேட்டவர் (பக்கவடிவு):
மூன்றும் தீர்ந்தது, மிக்க நன்றி. கட்டுரைத் தலைப்புகளில் மட்டும் கொம்புக்கும் எழுத்துக்கும் நடுவே இடைவெளி விழுகிறது.

பதில் (ஈயஎழுத்து):
தலைப்பு ஸ்டைலில் டிராக்கிங் (எழுத்துகளுக்கு இடையே கூடுதல் இடைவெளி) கொடுத்திருப்பீர்கள். ஆங்கிலத் தலைப்புக்கு அது அழகு. தமிழில் ‘கொ’வின் கொம்பையும் காலையும் பிரித்துவிடும். டிராக்கிங் 0 ஆக்குங்கள். உடல் பத்தியிலும் ஜஸ்டிஃபிகேஷனில் லெட்டர் ஸ்பேசிங் மூன்று கட்டமும் 0 இருக்கட்டும். வரியை நிரப்ப வேர்ட் ஸ்பேசிங்கை மட்டும் கூட்டிக் குறையுங்கள். கம்போசர் மாறியதில் வரிகள் நகர்ந்திருக்கும். பொருளடக்கத்தைப் புதுப்பித்து, கடைசிச் சட்டகத்தில் உரை இடம் போதாமல் வழிகிறதா என்று பிழை காட்டும் பிரிஃப்ளைட் பேனலில் பார்த்துவிட்டு பிடிஎஃப் எடுங்கள்.