கேட் தேர்வு மதிப்பெண் இருக்கிறது, ஆராய்ச்சிக்கு எங்கே தேடுவது?

கொங்குப்பெண்:
2023-இல் பி.இ. ஈசிஇ முடித்தேன், இப்போது கோவையில் ஐடி சப்போர்ட் வேலை. எம்.டெக் சேர்க்கைக்கான கேட் தேர்வில் பாஸ்தான், ஆனால் எம்.டெக் கவுன்சலிங்கில் நல்ல இடம் கிடைக்காது. ஆசையெல்லாம் சிப் டிசைன் ஆராய்ச்சியில். இருபது பேராசிரியர்களுக்கு மெயில் போட்டேன், ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. வீட்டிலோ "இருக்கிற வேலையை விட்டுவிடாதே" என்று தினமும் ஒரே பாட்டு.

பழைய லேப்மேட்:
இருபது பேருக்கும் ஒரே மெயிலா? கோபப்படாதீர்கள், நானும் அதைத்தான் செய்தேன். பெயரை மாற்ற மறந்து ஒரு சாருக்கு அனுப்பி, "நீங்கள் தேடுபவர் பக்கத்து அறையில் இருக்கிறார்" என்று ஒற்றை வரி வந்தது, அந்த மாதம் முழுக்க எனக்கு வந்த பதில் அது ஒன்றுதான். அப்புறம் ஒரே ஒருவருடைய கடைசி இரண்டு பேப்பரை உட்கார்ந்து படித்து, புரியாத ஓர் இடத்தைக் கேட்டு, சிப் டிசைனுக்கான வெரிலாக் மொழியில் நான் எழுதிய கோடின் லிங்க்கையும் சேர்த்து அனுப்பினேன். பத்து நாளில் கூப்பிட்டார்.
சென்னை ஐஐடியின் எம்.எஸ். பார்த்தீர்களா? அது எம்.டெக் இல்லை, ஆராய்ச்சிப் பட்டம். துறையே நேர்காணல் வைத்து எடுக்கும், ஆண்டுக்கு இரண்டு முறை. சக்தி என்ற பிராசஸர் சிப் உருவானதும் அங்கேதான். கேட் மதிப்பெண் 3 ஆண்டு செல்லும், அவசரமில்லை.

மதுரைக்காரி:
தங்கச்சி, ஆராய்ச்சி ப்ராஜெக்ட்களில் வரும் தற்காலிக வேலைகளையும் பாரும்மா. பி.இ.யும் கேட் மதிப்பெண்ணும் இருந்தால் பல ப்ராஜெக்ட்களில் ஜேஆர்எஃப் என்ற இளநிலை ஆராய்ச்சியாளர் இடத்துக்கு விண்ணப்பிக்கலாம், 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. விளம்பரம் பேப்பரில் வரும் என்று காத்திருக்காதே, கல்லூரி இணையதளத்தின் ஏதோ மூலையில் ஒரு பிடிஎஃப்பாகக் கிடக்கும், கெடு இரண்டு வாரம்கூட இருக்காது. ஆனால் ப்ராஜெக்ட் முடிந்தால் சம்பளமும் முடிந்தது. பிஎச்.டி.க்குப் பதிவு செய்ய விடுவார்களா என்று சேரும் முன்பே கேட்டுவிடு. நான் கேட்காமல் இரண்டு வருஷம் ஓட்டினேன்.

ட்ரெஸ்டன் தமிழன்:
எம்.எஸ். முடித்தால் ஜெர்மனியும் திறக்கும். இங்கே பிஎச்.டி. பெரும்பாலும் சம்பள வேலைதான், விளம்பரத்தில் 'டிவி-எல் இ13' என்று சம்பளப் படிநிலையே போட்டிருக்கும். யூராக்ஸஸ் என்ற ஐரோப்பிய ஆராய்ச்சி வேலைத் தளத்தில் தேடலாம். பெரும்பாலும் முதுநிலைப் பட்டம் கேட்பார்கள், அதனால் இப்போதைக்கு அந்தப் பக்கம் வேண்டாம்.

கொங்குப்பெண்:
எல்லாருக்கும் நன்றி. அனுப்பிய மெயில்களை இப்போதுதான் திறந்து பார்த்தேன். "மதிப்பிற்குரிய ஐயா" என்று ஆரம்பித்ததில் நான்கு பேர் அம்மாக்கள்.