ஓக் கன்றும் அதன் காலடிக் காட்டுப்பூக்களும்: சிகாகோ பக்கத்து நடவு அனுபவங்கள்

சிகாகோ சுற்றுவட்டாரத்தில் ஓக் வைக்கிறவர்கள் கன்று வாங்கும் முன் மண்ணின் பி.ஹெச் (அமில-காரத் தன்மை) அளவைப் பார்த்துவிடுங்கள். இங்கே பல இடங்களில் காரக் களிமண். சீக்கிரம் வளருமே என்று பின் ஓக் வைத்தால், சில வருடங்களில் இலை மஞ்சளாக வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். மண்ணில் இரும்பு இருந்தாலும் காரத்தில் வேரால் அதை எடுக்க முடியாது. பர் ஓக், சின்காபின் ஓக் இரண்டும் இந்த மண்ணைத் தாங்கும். தண்ணீர் தேங்கும் இடமென்றால் சதுப்பு வெள்ளை ஓக். ஆனால் காரம் மிகுந்தால் அதுவும் வெளுக்கும்.

—

இனம் சரியாக இருந்தும் கன்று சாவது பெரும்பாலும் ஆழ நடுவதால்தான். தொட்டிக் கன்றில் வேர்க்கழுத்து இரண்டு மூன்று அங்குலம் புதைந்தே வரும். மேல்மண்ணை விரலால் விலக்குங்கள். தண்டு அகன்று முதல் வேர் பிரியும் இடம் தெரியும். அது தரைமட்டத்துக்கு மேலே நிற்க வேண்டும். தொட்டியைச் சுற்றி வளைந்த வேர்களை வெட்டிவிடுங்கள், இல்லையேல் பின்னாளில் தண்டையே இறுக்கும். குழியின் அகலம் வேர்க்கட்டியைப் போல் மூன்று மடங்கு, ஆழம் வேர்க்கட்டியின் உயரம் மட்டுமே. மண்மேல் பரப்பும் மூடாக்கு (மரச்சிராய், சருகு போன்றவை) 3 அங்குலம், தண்டைத் தொடாமல். கவாத்து குளிர்காலத்தில் மட்டும். ஏப்ரல் முதல் ஜூலை வரை வெட்டினால் காயத்துச் சாற்றுக்கு வரும் வண்டு ஓக் வாடல் நோயைக் கொண்டுவரும். சிவப்பு ஓக் வகைகள் சில வாரங்களில் பட்டுப்போகும்.

—

மரத்தடியில் புல்தரை வேண்டவே வேண்டாம். ஓக் இலை தின்னும் புழுக்களில் பல, கீழே விழுந்து சருகுக்குள்ளோ மண்ணுக்குள்ளோதான் கூட்டுப்புழுவாகும்; அவை பிழைக்கப் புல்தரை உதவாது. காட்டு ஜெரேனியம், கொலம்பைன், பென்சில்வேனியா கோரை ஆகியவற்றைச் சிறு நாற்றாக வைத்து, சருகை அப்படியே விடுங்கள். வளர்ந்த மரமென்றால் மண்ணைக் கொத்தாதீர்கள், புதுமண்ணும் கொட்டாதீர்கள்; உறிஞ்சும் வேர்கள் மேலாகவே ஓடுகின்றன.

வெயில் படும் ஓரத்துக்கு ஊதா எக்கினேசியா, ஆரஞ்சுப் பட்டர்ஃபிளை வீட். பட்டர்ஃபிளை வீட் விதையை நவம்பரில் தூவினால் பனிக்குளிரே அதன் உறக்கத்தைக் கலைக்கும். களிமண்ணில் நீர் நின்றால் ஆணிவேர் அழுகும், மேட்டில் வையுங்கள். மற்றதெல்லாம் துளிர்த்த பிறகு, மே மாதத்தில்தான் இது தலைகாட்டும். செத்துவிட்டதென்று பலர் தோண்டி எறிவது அப்போதுதான். இலையுதிர் காலத்திலேயே பக்கத்தில் ஒரு குச்சி நட்டு வையுங்கள்.