ஆப்பிள்ஸ் டு ஆப்பிள்ஸ்: தமிழ்ச் சீட்டுகளுக்குச் சொல் வேண்டும்

இந்த ஆட்டம் ஆடியவர்கள் யாராவது கொஞ்சம் உதவுங்கள். நாங்கள் 8 பேர். ஆளுக்கு 7 சிவப்புச் சீட்டு. நடுவர் பச்சைச் சீட்டு ஒன்றைத் திருப்புவார். அதிலுள்ள பெயரடைக்குப் பொருந்தும் பெயர்ச்சொல்லை மற்றவர்கள் கவிழ்த்துப் போட வேண்டும். நடுவருக்குப் பிடித்ததைப் போட்டவருக்கு அந்தப் பச்சைச் சீட்டு. 4 சேர்த்தால் வெற்றி. இதுவரை சரி.

சிக்கல் என்னவென்றால், சிவப்புச் சீட்டுகளில் பல அமெரிக்கப் பிரபலங்கள். எங்களில் பாதிப் பேருக்கு அவர்கள் யாரென்றே தெரியாது. அதனால் வெற்று அட்டைகளில் தமிழிலேயே எழுதத் தொடங்கினோம். பெயர்ச்சொல் கொட்டுகிறது: பல்வலி, திங்கட்கிழமை, பக்கத்து வீட்டு நாய்... பெயரடைதான் இடிக்கிறது. 'அழகான', 'பெரிய' என்று எழுதினால் எதைப் போட்டாலும் பொருந்திவிடுகிறது, சிரிப்பே வரவில்லை. 'சந்தேகத்துக்குரிய' மட்டும் எடுபட்டது. அதற்கு ஒருவர் 'பல்செட்' போட்டு ஜெயித்தார், இன்னும் சிரிக்கிறோம். இந்த மாதிரிச் சொற்கள் இருந்தால் அள்ளி விடுங்கள், பெயரெச்சமானாலும் பரவாயில்லை.

அப்புறம் இன்னொன்று. நடுவர் யோசிக்கும்போதே தன் சீட்டுக்காக வக்கீல் மாதிரி வாதாடும் ஆள் ஒருவர் இருக்கிறார். அவரை எப்படிச் சமாளிப்பது?