1799 ஸ்ரீரங்கப்பட்டணம்: டிரம் அடிக்கிறவனுக்கு கோட்டு சிவப்பா வெள்ளையா?

பீடோங்_பிரஷ்:
வணக்கம். 28 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் சிப்பாய் ஒரு பாக்ஸ் ஆன்லைன்ல எடுத்தேன், நெப்போலியன் காலத்து பிரிட்டிஷ் காலாட்படை. இத வச்சு திப்பு சுல்தானோட கடைசிப் போர செய்யலாம்னு பிளான், பிரிட்டிஷ் கர்னல் வெல்லெஸ்லியோட 33வது ரெஜிமெண்ட். சிப்பாயெல்லாம் சிவப்பு கோட்டு, அதுல குழப்பம் இல்ல, டிரம் அடிக்கிறவன்கிட்ட வந்து நின்னுட்டேன். பாக்ஸ் படத்துல அவனுக்கும் சிவப்பு, நெட்ல ஒருத்தர் மஞ்சள் அடிச்சிருக்காரு, இன்னொருத்தர் வெள்ளை. இந்த எஸ்டேட் பக்கம் யார்கிட்ட கேக்கிறது, ஹார்ட்வேர் கடை தௌக்கே "ரெட்தான் ஸ்டாக் இருக்கு, ரெட் அடி"ங்கிறாரு 😅

பழைய_பட்டாளம்:
வெள்ளை அடிங்க தம்பி. ஆனா மத்த ரெண்டு படமும் தப்பில்ல.

1768ல பிரிட்டிஷ் ராஜா ஜார்ஜ் போட்ட உத்தரவுப்படி டிரம்மருக்கு கலர் தலைகீழ். ஒவ்வொரு ரெஜிமெண்டுக்கும் காலர், கைமடிப்புக்குன்னு தனி கலர் இருக்கும்ல, ஃபேசிங்னு சொல்வாங்க, அந்தக் கலர்ல டிரம்மருக்கு முழுக் கோட்டு, காலரும் கைமடிப்பும் சிவப்பு. ஸ்ரீரங்கப்பட்டணத்துல இருந்த 12வதுக்கு ஃபேசிங் மஞ்சள், அதனால டிரம்மர் மஞ்சள் கோட்டு, 73வதுக்கு கரும்பச்சை. 33வதுக்கு ஃபேசிங்கே சிவப்பு, தலைகீழா மாத்துனாலும் சிவப்பாதானே வரும், அதுக்காகவே இந்த மாதிரி ரெஜிமெண்டுக்கு வெள்ளைக் கோட்டுல சிவப்பு ஃபேசிங்னு தனியா எழுதி வச்சிருக்காங்க. நீல ஃபேசிங் உள்ள ராயல் ரெஜிமெண்ட் மட்டும் விலக்கு, அவங்க டிரம்மருக்கு சிவப்புக் கோட்டுதான்.

எதுக்கு இவ்வளவு பகட்டுன்னா, அப்ப ஆர்டர் போறதே டிரம் சத்தத்துலதான். துப்பாக்கிப் புகைக்குள்ள ஆபீசர் டிரம்மர உடனே கண்டுபிடிக்கணும். எதிரிக்கும் அது வசதியாப் போச்சு, 1812ல இத நிறுத்திட்டாங்க. உங்க பாக்ஸ் படம் அதுக்கு அப்புறம் உள்ள ஆளா இருக்கும்.

கித்தா_காடு:
கோட்டு சரி, தலைய யாரும் பாக்கலியா? அந்த பாக்ஸ்ல உள்ளது உயரமா குழாய் மாதிரி ஷாக்கோ தொப்பி, பிரிட்டிஷ் காலாட்படைக்கு அது வந்ததே 1800லதான். டிரம்மருக்கு ரூல்படி கரடித்தோல் தொப்பி, ஆனா இந்தியா வெயில்ல அத எவன் போடுவான், அங்க பட்டாளத்துக்கு வட்டத் தொப்பிதான் பழக்கம். ஷாக்கோவ வெட்டிட்டு எபோக்ஸி புட்டில விளிம்பு கட்டுங்க. கால்சட்டையும் ரூல்ல சிவப்பு, நானா இருந்தா வெள்ளைப் பருத்திதான் அடிப்பேன். ரூல் புக்கு லண்டன்ல எழுதுனது லா, போர் நடந்தது காவேரிக்கரையில.

லூனாஸ்_மினி:
வெள்ளைய நேரா வெள்ளையா அடிச்சிடாதீங்க, சுண்ணாம்பு பூசின சுவரு மாதிரி ஆயிடும். முதல்ல இளஞ்சாம்பல், அதுக்கு மேல வெள்ளை பெயிண்ட்ல நல்லா தண்ணி கலந்து மெல்லிசா ரெண்டு மூணு கோட்டிங், மடிப்புல மட்டும் சாம்பல் தெரியணும். கருப்பு வாஷ் (மடிப்புல நிழல் விழ ஊத்துற தண்ணி பெயிண்ட்) வேணாம், அழுக்கு பண்ணிடும். அப்புறம் நம்ம ஊரு சாயங்கால மழை நேரத்துல வார்னிஷ் ஸ்ப்ரே அடிக்கவே அடிக்காதீங்க, ஈரக்காத்துல பனி படிஞ்ச மாதிரி வெளுத்துரும், வெள்ளைக் கோட்டுல அது தெரியாம போகலாம், ஆனா சிவப்பு காலர் போச்சு. பிரஷ்ல பூசுற மேட் வார்னிஷ் வாங்கிக்கிங்க.

பீடோங்_பிரஷ்:
அண்ணே எல்லாருக்கும் நன்றி, தொப்பி விஷயம் யோசிக்கவே இல்ல 🤦 டிரம்முக்கு என்ன கலர்? பேண்டு வாசிக்கிறவங்களுக்கும் இதே ரூலா?

பழைய_பட்டாளம்:
டிரம்மோட முன்பக்கம் ஃபேசிங் கலர், உங்களுக்கு சிவப்பு. அதுமேல கிரீடம், ராஜாவோட ஜி.ஆர். எழுத்து, கீழ ரெஜிமெண்ட் நம்பர். வெள்ளைக் கோட்டு முன்னாடி சிவப்பு டிரம் நல்லா எடுப்பா நிக்கும், தௌக்கே சிவப்பும் வீண் போகாது.

பேண்டு வேற கதை. அது கர்னல் சொந்தக் காசுல ஆசைக்கு வச்சிருக்கிறது, டிரஸ்ஸும் அவர் இஷ்டம், டிரம்மர் ரூல அதுல போட்டுப் பாக்காதீங்க.

கித்தா_காடு:
கோட்டை ஏறுற சீன் எல்லாரும் செய்றதுதான். ஏப்ரல் 5 ராத்திரி சுல்தான்பேட்டை தோப்புல இதே 33வதோட போயி இருட்டுல வழி தெரியாம வெல்லெஸ்லி திரும்பி ஓடிவந்தாரே, அத செய்யுங்க தம்பி. தோப்பு, வாய்க்கால், மூங்கில் எல்லாம் நம்ம வீட்டுப் பின்னாடியே கிடக்கு, மாடலுக்கு காசு குடுக்க வேணாம்.